அல்பாக்காவுக்கு ஆட்டுக் கணக்கு பொருந்துமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் சிறிய பண்ணையில் ஐந்து அல்பாக்காக்களும் ஒரு லாமாவும் இருக்கின்றன. எட்டு வயதுப் பெண் அல்பாக்கா ஒன்று சில வாரங்களாகச் சுரத்தில்லாமல் இருக்கிறது. நான்கு மாதங்களுக்கு முன், குளிர்காலத் தொடக்கத்தில் குட்டி போட்டது. பால் கொடுத்துக்கொண்டே மறுபடி சினையாகவும் இருக்கலாம். மெலிந்த மாதிரி தெரியவில்லை, ரோமம் அடர்த்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் தீவனத் தொட்டிக்குக் கடைசியாக வந்து முதலில் விலகிவிடுகிறது. செம்மறியாட்டுக்கான அளவில் புழு மருந்து கொடுத்தோம். புழுக்கையைப் பரிசோதித்ததில் முட்டை எதுவும் இல்லை. வயிற்றுப் புண்ணாக இருக்கலாம் என்று குதிரைக்கு வாங்கி வைத்திருந்த ஒமெப்ரசோல் பசையையும் ஊட்டிப் பார்த்தோம், பலனில்லை. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை 212 என்றும், சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடச் சிறியவை என்றும் வந்திருக்கிறது. இது நீரிழிவா? அதன் குட்டியும் முதுகைக் கூனிக்கொண்டு, முன்கால்கள் சற்று வளைந்து நடக்கிறது. எங்கள் மருத்துவர் நல்லவர். ஆனால் "இந்த விலங்குகளைப் பற்றி ஆராய்ச்சியே குறைவு, ஆட்டை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்" என்கிறார். அது உண்மையா? நோயுற்றதைத் தனியே பிரித்து வைக்கலாமா? பக்கத்துப் பண்ணைக்காரர் மாதாமாதம் ஐவர்மெக்டின் ஊசி போடச் சொல்கிறார், போடலாமா?

பதில்: ஆராய்ச்சியைப் பற்றிய கேள்விக்குப் பிறகு வருகிறேன், முதலில் தாய் அல்பாக்கா. இத்தனை விவரமான கடிதத்தில் ஒன்று மட்டும் விடுபட்டிருக்கிறது: எடை. ரோமம் அடர்த்தியாக இருப்பதால் மெலிவு தெரியவில்லை என்கிறீர்கள். அந்த ரோமம்தான் மெலிவை மறைக்கிறது. இந்த விலங்கைக் கண்ணால் பார்த்து எடை போட முடியாது, கைவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கடைசி விலா எலும்புக்குச் சற்றுப் பின்னால், முதுகின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வையுங்கள். கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் மறுபக்கமும் இறங்கட்டும். ரோமத்தை அழுத்திவிட்டு, முதுகெலும்பின் நுனியிலிருந்து சதை எப்படி இறங்குகிறது என்று தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் கூரைபோல நேர்ச்சரிவாக இறங்கினால் நல்ல உடல்நிலை; 5 மதிப்பெண்ணுக்கு 3 போடலாம். உள்ளே குழிந்து, எலும்பின் முனைகள் விரலில் தட்டினால் 2 அல்லது அதற்கும் கீழே. வெளியே புடைத்து, எலும்பைத் தேட வேண்டியிருந்தால் 4, 5. அதோடு தரைத் தராசு ஒன்றில் ஏற்றி எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். வளர்ந்த அல்பாக்கா பெரும்பாலும் 50 முதல் 80 கிலோவுக்குள் இருக்கும். ஆனால் பொதுவான எண்ணைவிட உங்கள் விலங்கின் சொந்த எண்தான் முக்கியம். நலமாக இருப்பவற்றையும் மாதம் ஒருமுறை ஏற்றுங்கள். நோயுற்ற இந்தத் தாயை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

எடையில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் ஈரல். பால் கொடுக்கிறது, ஒருவேளை சினையாகவும் இருக்கிறது, தீவனம் குறைந்துவிட்டது. இந்த மூன்றும் சேர்ந்தால் உடம்பு தன் கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விடத் தொடங்கும். லாமா, அல்பாக்கா இரண்டிலும் அந்தக் கொழுப்பு ஈரலில் போய்த் தேங்கிவிடும் அபாயம் அதிகம். ஒரெகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெண் லாமாக்களுக்குத் தீவனத்தை வெகுவாகக் குறைத்துப் பார்த்து, சில வாரங்களிலேயே ஈரலில் கொழுப்பு படிவதை 2001-இல் பதிவு செய்தார்கள். ஆட்டில் இப்படி வந்தால், கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் ஏறும், சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்துக்கூடக் கண்டுபிடித்துவிடலாம். அல்பாக்காவில் கீட்டோன் பெரிதாக ஏறாமலேயே ஈரல் கொழுத்துப் போயிருக்கலாம். அதனால் "கீட்டோன் இல்லை, ஈரல் நன்றாக இருக்கிறது" என்று நிம்மதியடைய முடியாது. கொழுப்பு கரைவதைக் காட்டும் எஸ்டராகாத கொழுப்பு அமிலம், ஈரலின் நிலையைக் காட்டும் பித்த அமிலம், ஜி.ஜி.டி., ஏ.எஸ்.டி. ஆகியவற்றையும் ரத்தத்தில் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தை வைத்துவிட்டுப் பார்க்கும்போது மேலே தெளியும் சீரம் பால்போலக் கலங்கியிருந்தால், மற்ற முடிவுகள் வருவதற்குள்ளேயே மருத்துவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

இப்போது சர்க்கரைக்கு வருவோம். டெசிலிட்டருக்கு 212 மில்லிகிராம். ஆட்டில் இந்த எண்ணைப் பார்த்தால் நானே திடுக்கிடுவேன். அங்கே 50 முதல் 80 வரைதான் வழக்கம். லாமா, அல்பாக்காக்களில் நிம்மதியாக நிற்கும்போதே 100-க்கு மேல் இருப்பது சாதாரணம். பிடித்து, கட்டி, கழுத்தில் ஊசி போட்ட பதற்றத்தில் 200-ஐத் தாண்டுவதும் உண்டு. அதே ஒரெகன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் செப்ராவும் அவரது குழுவினரும் இதைப் பல ஆண்டுகள் துருவிப் பார்த்திருக்கிறார்கள். ரத்தக்குழாய் வழியாகக் குளுக்கோஸ் கொடுத்தால் இந்த விலங்குகள் அதை மெதுவாகத்தான் கழிக்கின்றன. இன்சுலின் கொஞ்சமாகத்தான் சுரக்கிறது, சுரந்ததற்கும் திசுக்கள் அரைமனதாகத்தான் இணங்குகின்றன. ஆக, நலமான அல்பாக்காவின் உடம்பே சர்க்கரை விஷயத்தில் பிற கால்நடைகளிடமிருந்து மாறுபட்டது. உங்கள் அல்பாக்காவுக்கு நீரிழிவு என்று ஒற்றை எண்ணை வைத்துச் சொல்ல மாட்டேன். பதற்றமும் தீவனக் குறைவும் சேர்ந்த ஒன்று என்பதுதான் என் கணிப்பு. கொழுப்புக்கான பரிசோதனைகளோடு சர்க்கரையையும், விலங்கு அமைதியாக இருக்கும் நேரத்தில், துணை ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. தீவனம் எடுக்காத விலங்கு என்றால் உடனே குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிடத்தான் கை போகும். அல்பாக்காவில், முக்கியமாகப் பச்சிளம் குட்டியில், அது சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றி, ரத்தத்தைக் கெட்டியாக்கி, நரம்பு மண்டலம்வரை பாதிக்கலாம். ரத்தக்குழாய் வழி ஊட்டம் கொடுக்கும் மருத்துவமனைகளில் அமினோ அமிலத்தைச் சேர்த்து, குளுக்கோஸைக் குறைத்து, சில வேளை இன்சுலினையும் கூட்டிக் கொடுப்பது இதனால்தான். சர்க்கரையைத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டே செய்ய வேண்டிய வேலை இது. வீட்டில் முயல வேண்டாம்.

பரிசோதனை அறிக்கையை மறுபடி கையில் எடுத்து, மேலே "விலங்கினம்" என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆடு என்றோ "மற்றவை" என்றோ இருந்தால், பக்கத்தில் அச்சாகியிருக்கும் இயல்பு அளவுகள் எதுவும் உங்கள் விலங்குக்கானவை அல்ல. சிவப்பணு சிறியது என்று வந்ததற்கும் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். லாமாவும் அல்பாக்காவும் சேர்ந்த ஒட்டகக் குடும்பத்தின் சிவப்பணுக்கள் வட்டமாக இருக்காது. சின்னதாக, நீள்வட்டமாக, தட்டையாக இருக்கும். ஆனால் எண்ணிக்கையில் அதிகம். வேறு விலங்குக்கு அமைத்த தானியங்கிக் கருவி அவற்றைத் தவறாக எண்ணிவிடும். எனவே ரத்தத்தைச் சுழற்றி அளந்த சிவப்பணு விகிதம் ஒன்றையும், கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றிப் பார்த்த ஒரு பார்வையையும் கேட்டு வாங்குங்கள். தகட்டைப் பார்க்கும்போது சிவப்பணுவின் மேல் ஒட்டியிருக்கும் நுண்ணிய புள்ளிகள், வளையங்கள் தெரிகின்றனவா என்றும் பார்க்கச் சொல்லலாம். மைக்கோபிளாஸ்மா ஹீமோலாமே என்ற பாக்டீரியா அப்படித்தான் தென்படும். நலமான பல அல்பாக்காக்கள் அதைச் சுமந்துகொண்டு சும்மா திரியும். வேறு நோயால் உடம்பு தளரும்போது அது ரத்தசோகையாகத் தலைதூக்கும். தகட்டில் தெரியாததை, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை காட்டிக்கொடுக்கும். ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால் விலங்கு தேறும், ஆனால் கிருமி முழுதாக ஒழிந்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. அது தெரிந்திருந்தால், தேறிய பிறகும் பி.சி.ஆர். "உண்டு" என்று வந்ததற்காகத் திரும்பத் திரும்ப மருந்தடிக்க மாட்டீர்கள்.

புழு விஷயம் இதைவிடச் சிக்கல். ஆட்டுக்கான அளவில் மருந்து கொடுத்தோம், முட்டை இல்லை, ஆகவே புழு இல்லை என்று முடித்திருக்கிறீர்கள். இதில் கேள்வி கேட்க வேண்டிய இடங்கள் மூன்று.

முதலாவது, அது யாருடைய புழுக்கை? அல்பாக்காக்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் சாணமிடும். மேய்ச்சல் நிலம் அசுத்தமாகாமல் இருக்க அது நல்ல பழக்கம். ஆனால் அந்தக் குவியலிலிருந்து அள்ளி அனுப்பினால் மந்தையின் கலவைதான் பரிசோதனைக்குப் போகும். நோயுற்ற விலங்கின் ஆசனவாயிலிருந்தே நேரடியாக எடுக்க வேண்டும். கையுறை, கொஞ்சம் வழுக்கும் களிம்பு, விரல் ஒன்று போதும். உதைபடாமல் பக்கவாட்டில் நின்றுகொள்ளுங்கள்.

இரண்டாவது, எப்படிப் பரிசோதித்தார்கள்? ஐமீரியா மக்குசானியென்சிஸ் என்று ஒரு ஒற்றைச்செல் ஒட்டுண்ணி இருக்கிறது. 1971-இல் பெருவின் அல்பாக்காக்களிடம் கண்டு விவரித்தார்கள். அதன் முட்டைக்கூடு பேரிக்காய் வடிவில், தடித்த பழுப்பு ஓட்டோடு, அந்த வகையிலேயே மிகப் பெரியதாக இருக்கும். அதனாலேயே கனமும் அதிகம். வழக்கமான உப்புக் கரைசலில் அது மேலே மிதந்து வராது, அடியிலேயே தங்கிவிடும். கெட்டியான சர்க்கரைக் கரைசலில் போட்டு, சுழல் இயந்திரத்தில் சுற்றி, கூடுதல் நேரம் காத்திருந்தால்தான் கண்ணில் படும். இன்னொரு தந்திரமும் அதனிடம் உண்டு. குடலுக்குள் நுழைந்து ஒரு மாதத்துக்கும் மேலான பிறகுதான் முட்டைக்கூடு வெளிவரத் தொடங்கும். அதற்குள் விலங்கு மெலிந்து, புரதம் இழந்து, செத்தும் போகலாம். "முட்டை இல்லை" என்ற ஒரு வரியை நம்பி இதை ஒதுக்க முடியாது. அறிகுறிகள் இதைச் சுட்டினால், முடிவு வருமுன்பே இதற்கான மருந்தான பொனாசுரில் அல்லது டோல்ட்ராசுரில் தொடங்க உங்கள் மருத்துவர் முடிவெடுக்கலாம்.

ஆட்டுக் கணக்கு உயிரையே பறிக்கும் இடம் ஒன்று இங்கேதான் இருக்கிறது. மாடு, ஆடு, கோழித் தீவனங்களில் இந்த வகை ஒட்டுண்ணிகளுக்கு எதிராக மொனென்சின், சாலினோமைசின் போன்றவற்றைக் கலப்பார்கள். லாமா, அல்பாக்காக்களுக்கு அவை கடும் நஞ்சு. இதயத் தசையும் உடல் தசையும் அழுகி, மந்தையே விழுந்த சம்பவங்கள் உண்டு. தீவனம் அரைக்கும் இயந்திரத்தில் முந்தைய கலவையின் மிச்சம் ஒட்டியிருந்தாலே போதும். மூட்டையின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். அதே ஆலையில் மருந்து கலந்த தீவனமும் அரைக்கிறார்களா என்று கேளுங்கள்.

மூன்றாவது, மருந்தின் அளவு. முதுகில் ஊற்றும் மருந்துகள் அல்பாக்காவின் தோல் வழியே சரியாக உள்ளே போவதில்லை. வாய்வழி, ஊசி மருந்துகளில் சிலவற்றை இந்த விலங்குகள் ஆட்டைவிட வேகமாகக் கழித்துவிடும். அதனால் பென்பென்டசோல் போன்ற புழு மருந்துகளை ஆட்டைவிடக் கூடுதல் அளவில் கொடுப்பது வழக்கம். குறைந்த அளவில் கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். அதற்காக எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அல்பென்டசோல் என்ற இன்னொரு புழு மருந்தை அதிக அளவில் பல நாள் தொடர்ந்து கொடுத்ததில் அல்பாக்காக் குட்டிகள் எலும்பு மஜ்ஜை செயலிழந்து இறந்துபோனதாக ஆய்விதழில் பதிவாகியிருக்கிறது. மருந்துக்கு மருந்து கணக்கு மாறும். உங்கள் மந்தையில் எந்த மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, கொடுக்கும் நாளிலும் பிறகு 10 முதல் 14 நாள் கழித்தும் அதே விலங்கிடம் முட்டையை எண்ணிப் பார்ப்பது.

பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்லும் மாதாந்திர ஐவர்மெக்டினுக்கு ஒரு பின்னணி உண்டு. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வெள்ளைவால் மானின் மூளையுறையில் ஒரு புழு வாழ்கிறது. மானை அது ஒன்றும் செய்யாது. நத்தை, ஓடில்லா நத்தை வழியாக லாமா, அல்பாக்காவின் உடலுக்குள் வந்துவிட்டால் தண்டுவடத்தைக் குடைந்து, பின்னங்கால்களைத் தள்ளாட வைத்து, படுக்கையில் போட்டுவிடும். அந்த மானும் நத்தையும் இருக்கும் ஊரில் மாதாமாதம் ஊசி என்பது நிர்ப்பந்தம். ஆனால் அதன் விலையாக அங்கே வயிற்றுப் புழுக்கள் ஐவர்மெக்டினுக்கு அசையாமல் போய்விட்டன. அந்த மான் இல்லாத இடத்தில் இருந்துகொண்டு இந்த வழக்கத்தைக் கடன் வாங்கினால், நன்மை ஏதும் இல்லாமல் கெடுதல் மட்டும் உங்களுக்கு வந்து சேரும். அதைவிட, மாதம் ஒருமுறை எடை போடும்போதே கீழ் இமையை விலக்கி நிறம் பாருங்கள். ரத்தம் குடிக்கும் ஹெமாங்கஸ் புழுவுக்காகத் தென்னாப்பிரிக்காவில் செம்மறியாட்டுக்கென்று உருவாக்கிய ஃபமாச்சா வண்ண அட்டை அல்பாக்காவுக்கும் கைகொடுக்கிறது. ஆட்டுக் கணக்கு இங்கே மட்டும் பொருந்திவருகிறது, சந்தோஷம்! இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் உடனே மருத்துவரை அழையுங்கள்.

ஒமெப்ரசோல் பசையை நிறுத்திவிடலாம். இந்த விலங்குகளின் வயிறு மூன்று அறைகள் கொண்டது, புண் வருவது மூன்றாவது அறையில். வாயில் ஊட்டிய மருந்து முதல் அறையின் பெரிய நொதிப்புத் தொட்டியைக் கடந்துதான் அங்கே போக வேண்டும். லாமாக்களில் அளந்து பார்த்தபோது, வாய்வழி கொடுத்த ஒமெப்ரசோலில் மிகச் சிறு பங்குதான் ரத்தத்தை எட்டியது. அமிலத்தை அடக்க அது போதாது. மாறாக, அதே வகை அமிலக் குறைப்பு மருந்தான பான்டோபிரசோலை ஊசியாக, தோலுக்கடியில் போட்டால்கூட, மூன்றாம் அறையின் அமிலம் குறைந்ததை அல்பாக்காக்களில் 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. பற்களை அரைத்துக்கொண்டு, வயிற்றைத் திரும்பிப் பார்த்து, அடிக்கடி படுத்து எழுந்தால் புண் என்று சந்தேகித்து ஊசி மருந்துக்குப் போகலாம். உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறிகள் இல்லை.

தாய்க்கு இன்னும் இரண்டு காரணங்களைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். எட்டு வயது என்பதால் கடைவாய்ப் பல் முதலில். கீழ்த்தாடையின் ஓரமாக விரலை ஓட்டினால், பல்லடிச் சீழ் இருக்கும் இடத்தில் கெட்டியான புடைப்பு தட்டும். மெல்லும்போது தீவனத்தைக் கன்னத்தில் ஒதுக்கிவைக்கிறதா என்றும் கவனியுங்கள். அடுத்தது மாட்டுக் காசநோய். பிரிட்டன், அயர்லாந்து போல அந்நோய் உலவும் பகுதியில் இருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாட்டுக்குச் செய்யும் தோல் ஊசிச் சோதனை மட்டும் அல்பாக்காவில் போதாது, ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனையும் சேர வேண்டும்.

குட்டியைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய குழப்பமில்லை. குளிர்காலத்தில் பிறந்தது, வளரும் வயது, கால் வளைவு, கூனிய முதுகு. வைட்டமின் டி குறைவால் வளரும் எலும்பு மென்மையாகி வளையும் ரிக்கெட்ஸ்தான் முதல் சந்தேகம். இவற்றின் முன்னோர் வாழ்ந்தது ஆண்டிஸ் மலைப் பீடபூமியில், கடல் மட்டத்துக்கு 4,000 மீட்டர் உயரத்தில், வெயிலின் புற ஊதாக் கதிர் கொட்டும் இடத்தில். அந்த வெயிலுக்கு ஏற்ற தடித்த ரோமத்தோடு மேகம் மூடிய தாழ்நிலத்துக்குக் கொண்டுவந்தால், குளிர்காலத்தில் தோலுக்கு வைட்டமின் டி தயாரிக்க வழியில்லை. கறுத்த நிறக் குட்டி என்றால் நிலைமை இன்னும் மோசம். 2001-இல் ஒரெகனிலிருந்தே வந்த இன்னோர் ஆய்வு, லாமா, அல்பாக்காக்களின் ரத்தத்தில் வைட்டமின் டி பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குவதை அளந்தது. கோடை முடிவில் உச்சம், குளிர்கால முடிவில் அடிமட்டம். அந்தச் சரிவில் அதிகம் அடிவாங்கியவை வளரும் குட்டிகள்.

பரிசோதனையில் ஒரு பொறி இருக்கிறது. பலர் கால்சியத்தை மட்டும் பார்த்துவிட்டு, அது சரியாக இருக்கிறது என்று குட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த நோயில் கால்சியம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும், சரிவது பாஸ்பரஸ். எனவே பாஸ்பரஸையும் வைட்டமின் டி-யின் 25-ஹைட்ராக்சி வடிவத்தையும் அளக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு மூட்டை எக்ஸ்ரே எடுத்தால், எலும்பு நீளும் இடமான வளர்தட்டு அகன்று தெரியும். தொப்புள் வழியே தொற்றிய கிருமி மூட்டில் இறங்கினாலும் குட்டி நொண்டும், ஆனால் அப்போது மூட்டு வீங்கிச் சுடும். அதையும் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறுதியானால் சிகிச்சை எளிது, வைட்டமின் டி ஊசி. கிலோவுக்கு 1,000 முதல் 2,000 யூனிட் என்ற வரம்பில், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளிர்காலம் முழுக்கப் போடுவது நடைமுறை. அளவை உங்கள் மருத்துவரே எழுதட்டும். காரணம், கடையில் கிடைப்பவை பெரும்பாலும் ஏ, டி, ஈ மூன்றும் சேர்ந்த கலவை, ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒரு மில்லியில் இருக்கும் டி-யின் யூனிட் வேறு. "போன தடவை 1 மில்லி போட்டோம்" என்று வேறு புட்டியிலிருந்து அதே மில்லியைப் போட்டால் பல மடங்கு ஏறிவிடலாம். அளவு மீறினால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிந்து குட்டி இறந்துபோகும். அப்படி நடந்தவையும் ஆய்விதழ்களில் பதிவாகியிருக்கின்றன. குட்டியின் எடையைத் தெரியாமல் ஊசியைத் தொட வேண்டாம். அடுத்த முறை கோடையில் குட்டி போடும்படி சேர்க்கையைத் திட்டமிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். சினைக்காலம் ஏறக்குறைய பதினொன்றரை மாதம் என்பதை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

இனி உங்கள் மருத்துவரின் வாக்கியத்துக்கு வருகிறேன். மாடு, ஆட்டோடு ஒப்பிட்டால் ஆராய்ச்சி குறைவு என்பது சரி. ஆனால் "ஆராய்ச்சியே இல்லை" என்ற அளவுக்கு அதை நீட்ட முடியாது. மேலே நான் சொன்னதில் பெரும்பகுதி 20 ஆண்டுகளுக்கு மேல் அச்சிலேயே கிடக்கிறது. வட அமெரிக்காவில் இவை பண்ணை விலங்காகப் பரவியது 1980-களில்தான். அதற்குப் பிறகே ஒரெகன், ஒஹாயோ, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகங்களில் இதற்கென்று ஆட்கள் உருவானார்கள். பணமும் கொஞ்சம்தான், மாரிஸ் விலங்கு அறக்கட்டளை, அல்பாக்கா ஆராய்ச்சி அறக்கட்டளை போன்றவை தரும் சிறு நல்கைகளில் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? லாமாவின் ரத்தத்தைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள், லாமாவுக்காக அல்ல. ஒட்டகக் குடும்பத்தின் எதிர்ப்பொருள்களில் ஒரு வகைக்கு இலகுச் சங்கிலி என்ற சிறிய புரதப் பகுதியே இல்லை என்று 1993-இல் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து நானோபாடி எனப்படும் மிகச் சிறிய எதிர்ப்பொருள் துண்டுகளின் துறையே கிளைத்தது. அப்படிப் பிறந்த கப்ளாசிசுமாப் என்ற மருந்து 2018-இல் மனிதர்களின் ரத்த உறைவு நோய் ஒன்றுக்கு ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. அந்த ஆராய்ச்சிக்குப் போன பணத்தில் ஒரு சிறு துளி இவற்றின் ஈரலுக்கும் வந்திருந்தால் உங்கள் கடிதத்துக்கு இன்னும் உறுதியாகப் பதில் எழுதியிருப்பேன்.

உங்கள் மருத்துவர் தவறவிடக்கூடிய இன்னொரு பக்கம் ஸ்பானிய மொழியில் இருக்கிறது. உலகின் அல்பாக்காக்களில் பெரும்பகுதி பெருவில்தான், லாமாக்களில் பெரும்பகுதி பொலிவியாவில். லிமாவின் சான் மார்கோஸ் பல்கலைக்கழகத்துக்கு மலையில் மரங்கனியில் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அதன் கால்நடை ஆய்விதழ் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, இயந்திர மொழிபெயர்ப்பில் விஷயம் புரிந்துவிடும். பச்சிளம் குட்டிகளைக் கொத்தாகக் கொல்லும் கிளாஸ்ட்ரிடியம் குடல்நஞ்சு, சேர்க்கைக்குப் பிறகே முட்டை வெளியாகும் இனப்பெருக்க முறை போன்றவற்றில் அவர்கள் அனுபவம் ஆழமானது. ஆனால் அங்கே இயற்கைப் புல்வெளியில் பெருமந்தையாக மேய்பவற்றின் சிக்கல் வேறு. தாழ்நிலத்தில் நாலைந்து விலங்கை வேலிக்குள் வைத்திருப்பவரின் சிக்கல் வேறு. அதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

எந்த ஆய்வை நம்புவது என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது எத்தனை விலங்கு, நலமானவையா நோயுற்றவையா, லாமாவா அல்பாக்காவா என்பதைத்தான். இந்தத் துறையில் ஆறேழு விலங்கை வைத்தே முடிந்துபோன ஆய்வுகள் சர்வசாதாரணம். மருந்து ரத்தத்தில் எவ்வளவு ஏறியது என்று ஆறு நலமான லாமாக்களில் அளந்தது மதிப்புள்ள தகவல்தான். ஆனால் அந்த மருந்து நோயைத் தீர்க்கும் என்று அது சொல்லவில்லை. மாறாக, வாய்வழி ஒமெப்ரசோல்போல, நலமான விலங்கிலேயே மருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று ஒரு சிறிய ஆய்வு காட்டினால், அதை நான் உடனே எடுத்துக்கொள்வேன். ஒன்று வேலை செய்கிறது என்று நிரூபிக்கப் பெரிய ஆய்வு வேண்டும். போய்ச் சேரவில்லை என்று காட்டச் சிறியதே போதும்.

கடைசிக் கேள்வி, தனியே பிரிப்பது. வேண்டாம். மந்தையை விட்டுத் தனியாக நிறுத்திய அல்பாக்கா இன்னும் குறைவாகத்தான் தின்னும். இப்போது நமக்கு வேண்டியது அது தின்பதுதான். தாயையும் குட்டியையும், மந்தையில் சாதுவான இன்னொன்றையும் சேர்த்து, மற்றவை தெரியும்படியான தடுப்புக்குள் விடுங்கள். அதட்டி விரட்டுபவை இல்லாத இடத்தில் நல்ல காய்ந்த புல்லை எந்நேரமும் வையுங்கள். அடர்தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அது எவ்வளவு தின்றது என்று தினமும் மிச்சத்தை நிறுத்து எழுதி வையுங்கள். நான்கு மாதக் குட்டி புல் தின்னத் தொடங்கியிருக்கும். தாயின் எடை தொடர்ந்து இறங்கினால் குட்டியை முன்கூட்டியே பால் மறக்கடிப்பதா என்பதை, குட்டியின் எடையையும் பார்த்து, உங்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தாய் தீவனத்தைத் தொடவில்லை என்றால், அல்லது எழ மறுத்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரை வரவழைத்துவிடுங்கள்.